மழை விட்ட பிறகுதான் தண்ணீர் வந்தது: எண்ணூர்க் கழிமுகம் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு

எர்ணாவூர், சடையங்குப்பம், மணலி புதுநகர், அத்திப்பட்டு புதுநகர் என்று வடசென்னையின் இந்தக் கோடியில் வாடகை வீடு தேடுகிறவர்களும் மனை வாங்க அலைகிறவர்களும் நிறையப் பேர். ஊருக்குள் கொடுப்பதைவிட வாடகை குறைவு, ரயில் நிலையம் பக்கம், கம்பெனி வேலைக்குப் போக வசதி. எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்களை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் எர்ணாவூரில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தேன். அம்மாவும் நானும் மட்டும். தையல் தொழில். அந்த ஒரு வாரத்தில் கையைவிட்டுப் போனது ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்குப் பக்கம். பணத்தைவிட, அடுத்து என்ன நடக்கும் என்றே தெரியாமல் தனியாக நின்றதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

கொருக்குப்பேட்டையில் இருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதால் எர்ணாவூருக்கு வந்தோம். முன்னறை பெரியது, தெருவைப் பார்த்த வாசல், தையல் கடைக்கு வசதி. பக்கிங்காம் கால்வாய் சில தெரு தள்ளித்தான் ஓடியது. வீட்டுக்காரர், "இங்க தண்ணி நிக்காதும்மா" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. சாதாரண மழைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். வீடு பார்க்கும்போது நாம் எல்லோரும் கேட்பது குடிதண்ணீர், கரண்ட் மீட்டர், அட்வான்ஸ், மாதம் எத்தனாம் தேதி வாடகை என்றுதான். மழைத்தண்ணீர் இந்தத் தெருவிலிருந்து எங்கே போகிறது, போகிற இடம் நிரம்பினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பகுதியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்திருந்த நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு ஃபிராக், பெரியவர்களுக்கு ரவிக்கை, பாதி வெட்டியது, பாதி தைத்தது. திங்கட்கிழமை முழுக்க விடாத மழை, கரண்ட் இல்லை, போனில் சிக்னலும் போய்விட்டது. துணி மூட்டைகளைக் கட்டில் மேல் ஏற்றினோம். ஓவர்லாக் மெஷினை மேஜையோடு தூக்க முடியாமல் செங்கல் வைத்து உயர்த்தினோம். தண்ணீர் வாசல்படி வரை வந்து நின்றது. திங்கள் ராத்திரி மழை குறைந்தது. செவ்வாய் காலையில் வானம் வெளுத்து, தெருவில் தண்ணீர் வடிந்து சேறுதான் இருந்தது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் வாசலைக் கழுவ ஆரம்பித்தார்கள். நாங்களும் துணிகளை இறக்கினோம், ஈரம் பட்டதைத் தரையில் விரித்துப் போட்டோம். அம்மா கட்டிலில் படுத்துத் தூங்கினார்.

அதற்கப்புறம்தான் தண்ணீர் வந்தது. மேலே இருந்து இல்லை, சாக்கடை மூடி வழியாகவும் தெரு முனையிலிருந்தும், மழையே இல்லாத நேரத்தில். முதலில் வாடை. பெட்ரோல் பங்க்கில் நிற்கிற மாதிரி ஒரு நெடி, தொண்டையில் பிடித்துக்கொண்டது. அப்புறம் கறுப்பாக, மேலே பளபளவென்று படலம் படர்ந்த தண்ணீர். அம்மாவை எழுப்பிக் கட்டிலில் உட்கார வைப்பதற்குள் முழங்கால் அளவு. தரையில் விரித்திருந்த துணிகள் மிதந்து, அடுத்த நிமிடம் கறுத்தன. வெறும் வெள்ளம் என்றால் துவைத்துக் காயப் போடலாம். இது எண்ணெய். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். மாடி வீட்டுக்காரர்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டார்கள். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. மணலிப் பக்கத்து ஆலைப் பகுதியில் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் பரவியது. எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குள் அது ஏறியது. அலையாத்திச் செடிகளும் கூழைக்கடாக்களும் கறுத்துப் போன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எண்ணெய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டபடி சொல்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், அது எல்லா வெள்ளத்துக்கும் பொது. வாடை முழுக்கப் போகும் வரை அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எதையும் பற்ற வைக்காதீர்கள். உடம்பில் ஒட்டிய எண்ணெயைப் போக்க மண்ணெண்ணெய் தேய்க்கச் சிலர் சொல்வார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்படிச் செய்து தோல் கொப்பளித்தது. தேங்காயெண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவி, பழைய துணியால் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டால் போய்விடும். தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் எண்ணெய் பரவும், அவ்வளவுதான். மரக்கடையில் மரத்தூள் மூட்டை வாங்கித் தூவி, ஊறியதும் கூட்டி அள்ளிவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போட்டுக் கழுவினோம். சுவரில் ஏறிய கறை, வெள்ளையடித்த பிறகும் மேலே வந்தது. துணிகளில் எதையும் காப்பாற்ற முடியவில்லை. இந்த வேலையெல்லாம் செய்யும்போது ரப்பர் கையுறை போடுங்கள், மூச்சு வாங்குகிற உடம்பு என்றால் அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம். அம்மாவுக்கு இருமல் பொங்கல் வரை நிற்கவில்லை.

தையல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் புகுந்த மோட்டார் காய்ந்துவிட்டது என்று சுவிட்ச் போடாதீர்கள். கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். என் கால் மெஷினைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டதும் ஓடியது. பவர் மெஷினுக்கு மோட்டார் ரீவைண்டிங் செய்ய வேண்டி வந்தது. ஓவர்லாக் மெஷின் தேறவில்லை. பெரிய இடி வாடிக்கையாளர் துணிதான். ஆர்டர் நோட்டே ஊறி மை கரைந்துவிட்டதால், யார் எத்தனை மீட்டர் கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் பணம் கொடுத்தேன். இப்போது தினமும் கடை சாத்தும்போது நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைக்கிறேன்.

சரி, மழை விட்ட பிறகு ஏன் தண்ணீர் வந்தது? எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்கா காட்டுக்குப்பத்துக்காரர். சில நாள் கழித்து வெறுங்கூடையோடு வந்தவர் என் வாசலில் உட்கார்ந்து கேட்டார்: "மழ வுட்டுச்சுன்னு இன்னாத்துக்கும்மா பொருள எறக்கினே? எங்க ஆளுங்க மழ வுட்டப்புறம்தான் படக இன்னும் மேல இழுத்துக் கட்டுவாங்க." அவருடைய மாமனார் கழிமுகத்திலேயே பிழைத்தவர். பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது அந்தத் தாத்தா சொன்னது: "தண்ணி மேக்கால இருந்து வரும்மா. வந்து சேர நேரம் ஆவும். அது வர்றப்போ கடலு வாய மூடிக்கினு இருந்துச்சுன்னா எங்க போவும்? திரும்பி உங்க வூட்டுக்குத்தான் வரும்." வீடு பார்த்தபோது இந்த இரண்டு வரியை யாராவது சொல்லியிருந்தால் போதும்.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் இந்த நிலத்தைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். எண்ணூர்க் கழிமுகத்துக்கு மூன்று பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. மேற்கிலிருந்து கொசஸ்தலை ஆறு, 136 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆறு. ஆந்திரப் பக்கத்து நகரி ஆற்றுத் தண்ணீரும் அதில் சேர்ந்து பூண்டி ஏரிக்கு வருகிறது. பூண்டி நிரம்பினால் தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, இடையன்சாவடி, மணலி புதுநகர், சடையங்குப்பம் என்று வந்து எண்ணூரில்தான் முடிகிறது. வடக்கிலிருந்து பழவேற்காட்டோடு தொடர்புள்ள பக்கிங்காம் கால்வாய். தெற்கிலிருந்து அதே கால்வாயின் இன்னொரு பகுதி, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதலில் வெட்டிய பகுதி இதுதான். இவை போதாதென்று புழல் ஏரியின் உபரி நீரும் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக இங்கேயே வந்து சேர்கிறது. இத்தனைக்கும் கடலுக்குப் போக முகத்துவாரம் ஒன்றே ஒன்று. கழிமுகம் ஒரு சுருக்குப் பை என்றால், அதன் கயிறு கடலின் கையில் இருக்கிறது. புயல் நேரத்தில் காற்றும் அலையும் கரையை நோக்கித் தள்ளும்போது கடல் தண்ணீரை வாங்காது. அப்போது கழிமுகம் நிரம்பும், கால்வாய்த் தண்ணீர் உள்ளே போக முடியாமல் எதிர்த்து வரும், நம் தெருச் சாக்கடை அந்தக் கால்வாயில்தான் விழுகிறது.

முகத்துவாரமும் எப்போதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. இந்தக் கரையில் அலை மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஆற்றில் ஓட்டம் குறைகிற மாதங்களில் மணல் சேர்ந்து வாய் குறுகும், தூர்வாரினால் திறக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துப் போனதும் இதோடு சேர்ந்த கதைதான். நெடுஞ்சாலை ஓரம் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் அதற்காகத்தான். கழிமுகத்துக்குள்ளேயோ நிலக்கரிச் சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல் வந்தது, பிறகு வல்லூர் வந்தது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் கழிமுகத்தின் மேலேயே போகின்றன. அவை கசிந்து கசிந்து அடியில் படிந்து பல இடங்களில் ஆழம் போய்விட்டது. "ஆளு முழுகுற எடத்துல இப்போ முட்டிக்கால் தண்ணி" என்றார் தாத்தா. ஆழம் குறைந்தால் மீனுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. வெள்ளம் வந்து நிற்க வேண்டிய இடம் குறைகிறது, மிச்சம் நம்மிடம் வருகிறது. 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் மீனவர்கள். அந்தத் தீர்ப்பு முழுமையாக நிறைவேறுவது எர்ணாவூரில் வாடகைக்கு இருப்பவர்களின் பிரச்சினையும்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்கச் சுலபமான வழி கும்மிடிப்பூண்டி ரயில். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் போகிற வழியில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். தண்ணீர், அலையாத்தி, மின்கோபுரங்கள், புகைபோக்கிகள், மண் கொட்டி மேடாக்கிய இடங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த ஒரு பயணத்தைச் செய்யுங்கள்.

இப்போது வீடு பார்க்கிற விஷயம். இந்தக் கரையில் நிலம் மேடும் பள்ளமுமாக, கடலுக்கு இணையாக நீளநீளமாகக் கிடக்கிறது. கடலை ஒட்டிய மணல்மேடு ஒன்று, அதன் பின்னால் பள்ளம், அந்தப் பள்ளத்தில்தான் கால்வாய். பழைய ஊர்கள் மேட்டில் உட்கார்ந்திருக்கும். திருவொற்றியூரில் தியாகராசர் கோயில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கால்வாயை ஒட்டியும் அதற்கு மேற்கேயும் இருக்கிற பல புதிய நகர்கள் தாழ்ந்த நிலத்தில், சதுப்பு இருந்த இடத்தில் வந்தவை. அதனால் "கடல் பக்கம் பயம்" என்று நினைத்து மேற்கே தள்ளிப் போவது எப்போதும் பாதுகாப்பு ஆகாது. மணலி புதுநகர் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் 2015-இலும் 2021 நவம்பரிலும் பூண்டித் தண்ணீர் அங்கே புகுந்தது.

வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்காதீர்கள். எதிரே இருக்கிற பெட்டிக்கடையில், இஸ்திரி வண்டிக்காரரிடம், மாடி வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். "தண்ணி வருமா" என்று கேட்டால் "வராது" என்பார்கள். "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு, 2023-ல எதுவரைக்கும் வந்துச்சு" என்று கேட்டால் கையால் சுவரைக் காட்டுவார்கள். தெருவில் மீட்டர் பெட்டியும் மோட்டாரும் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், நெஞ்சு உயரத்துக்கு மேல் என்றால் அந்தத் தெருவுக்கு அனுபவம் இருக்கிறது. சாலை போட்டுப் போட்டு உயர்ந்து வீட்டு வாசல் கீழே போயிருந்தால் வேண்டாம். காலி மனையில் உமரிச் செடி படர்ந்திருந்தால் அது உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் நிலம். மனை வாங்குகிறவர்கள் பட்டாவோடு நிற்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகை என்றும், கடலோரத்தில் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள இடங்களைக் காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள்.

குடியேறிய பிறகு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைச் செய்தியைப் பார்ப்பது போல ஏரிச் செய்தியையும் பாருங்கள். பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, உயரம் 35 அடி. புழலுக்கு 3,300 மில்லியன் கனஅடி, 21.20 அடி. இவை நிரம்பும் நேரத்தில் நொடிக்கு எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்று செய்தியில் வரும். ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். 10,000 கனஅடி திறந்தால் நொடிக்கு 2,80,000 லிட்டருக்கு மேல் நம் பக்கம் கிளம்பிவிட்டது என்று பொருள். கரையோர ஊர்களின் பெயரோடு எச்சரிக்கை வரும்போது கடைசியில் சடையங்குப்பமும் எண்ணூரும் இருக்கும். மழை விட்டாலும் அந்தத் தண்ணீர் கடலுக்குள் போன சேதி வரும் வரை பொருளை இறக்காதீர்கள். அம்மா இப்போது என்னை இறக்கவே விடுவதில்லை.

நிவாரணத்தில் நான் பட்ட பாடு தனி. புயல் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கார்டுக்குக் கிடைத்தது. அது பழைய கொருக்குப்பேட்டைக் கடையில் என்பதால் அங்கே போய் வரிசையில் நின்று வாங்கினேன். எண்ணெய்க் கசிவுக்குத் தனியாக அரசு அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். கணக்கெடுக்க வந்தவர்கள் என் வீட்டைப் பார்த்தார்கள், கறையைப் பார்த்தார்கள், கார்டு முகவரி வேறு என்று எழுதிக்கொண்டு போனார்கள். பட்டியலில் பெயர் வரவில்லை. மனு கொடுத்தும் பார்த்தேன், நடக்கவில்லை. அதனால் வாடகைக்கு வருகிறவர்கள் ரேஷன் கார்டு முகவரியை வந்த உடனே மாற்றிவிடுங்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது இரண்டும் அந்த வீட்டு முகவரியில் இருக்கட்டும். வெள்ளம் வந்தால் சுத்தம் செய்யும் முன் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், அறையறையாக, மெஷினின் எண் தெரிய. தொழில் செய்கிறவர்கள் கடைப் பொருளுக்கு இன்சூரன்ஸ் போடும்போது வெள்ளம் உண்டா, வாடிக்கையாளர் பொருளும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் இந்த வருடம் போட்டிருக்கிறேன்.

இப்போது திருவொற்றியூர் தேரடிப் பக்கம் முதல் மாடியில் இருக்கிறோம். வாடகை மூவாயிரம் கூட. எர்ணாவூர் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பஸ் ஏறி வருகிறார்கள், மீதிப் பேரை இழந்துவிட்டேன். மீன்கார அக்காவின் நிலைமை என்னைவிட மோசம். எனக்குப் போனது ஒரு சீசன். அவர்களுக்குக் கழிமுகத்து இறாலும் நண்டும்தான் சோறு. எண்ணெய் ஒட்டிய வலையைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்க வேண்டியிருந்தது. மீன் வந்த பிறகும் "எண்ணூர் மீனா, வேணாம்" என்று மாதக்கணக்கில் மார்க்கெட்டில் ஒதுக்கினார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் வாளியால் அள்ளியதைப் பார்த்தவர்கள் அவர்கள், 2023-இலும் படகில் போய்க் கையால் அள்ளியவர்கள் அவர்களே. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று இந்த ஊர்களில் யாரிடமாவது ஒரு மணி நேரம் பேசுங்கள். எந்தக் காற்றுக்குக் கடல் தண்ணீரை வாங்கும், எந்த மாதத்தில் வாய் குறுகும், உங்கள் தெரு எந்தப் பக்கத்துத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும் என்பதையெல்லாம் கேட்டால் சொல்வார்கள். நான் போனபோது டீ கொடுத்து உட்கார வைத்துத்தான் சொன்னார்கள்.